கோழி இறகில் தூண்டில் ஈ: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தண்டையார்பேட்டையில், வீட்டுத் தையல் மெஷின் மேஜையின் ஓரத்தில் ஒரு குட்டி வைஸை (பொருளை நகராமல் கவ்விப் பிடிக்கும் இடுக்கி) பூட்டி, சில வருடங்களாகத் தூண்டில் ஈ கட்டிக்கொண்டிருக்கிறேன். வீட்டுக்கு வருகிறவர்கள், மொட்டை மாடியில் இறகு காயவைத்திருப்பதை எட்டிப் பார்க்கிறவர்கள், காசிமேட்டில் தூண்டில் முள் வாங்கும்போது பக்கத்தில் நிற்கிறவர்கள் என்று எல்லோரும் ஏறக்குறைய அதே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். ஒவ்வொரு தடவையும் முதலிலிருந்து சொல்லி வாய் வலித்ததால் எழுதிவைத்துவிட்டேன். இதில் வருவது 'சாஃப்ட் ஹேக்கிள்' என்கிற ஒரே ஒரு வகை ஈ மட்டும்தான்.

மீன் ஈயையா தின்னும்? இது என்ன ஈ?

சாப்பாட்டுத் தட்டில் வந்து உட்காரும் ஈ இல்லை. தண்ணீரில் பிறந்து, தண்ணீருக்குள்ளேயே வளர்ந்து, சிறகு முளைத்ததும் மேலே வந்து பறந்துபோகிற பூச்சிகள் நிறைய உண்டு. கொசு அப்படித்தான், தட்டானும் அப்படித்தான். குளிர்நாட்டு ஆறுகளில் மேஃப்ளை, கேடிஸ் என்று எத்தனையோ வகை. மீனுக்கு இவை தினசரிச் சோறு. அந்தப் பூச்சியைப் போல முள்ளின் மேல் நூலும் இறகும் சுற்றிச் செய்கிற போலி இரைக்குத்தான் ஆங்கிலத்தில் ஃப்ளை என்று பெயர். நான் ஈ என்றே சொல்லிவிடுகிறேன். மண்புழுவும் மைதா உருண்டையும் மாட்டுகிற இடத்தில் இது, அவ்வளவுதான்.

சாஃப்ட் ஹேக்கிளில் அப்படி என்ன விசேஷம்?

ஹேக்கிள் என்றால் கழுத்து இறகு. தண்ணீர் மேல் மிதக்க வேண்டிய ஈக்குச் சேவலின் விறைப்பான கழுத்து இறகைச் சுற்றுவார்கள். அதன் இழைகள் தண்ணீர்ப் பரப்பில் கால் ஊன்றி நிற்கும். சாஃப்ட் ஹேக்கிளில் இதற்கு நேர் எதிர். மெத்தென்ற இறகைச் சுற்றி, ஈயை உள்ளே இறங்கவிடுகிறோம். ஓட்டம் இழுத்தால் இழைகள் பின்னால் படியும், ஓட்டம் தளர்ந்தால் விரியும். கூட்டுப்புழு உறையைக் கிழித்துக்கொண்டு மேலேறும்போது காலை உதைக்குமே, அந்த அசைவு.

இதைப் படித்துப் புரிந்துகொள்வதைவிட ஒரு கண்ணாடி டம்ளரில் பார்ப்பது சுலபம். கட்டிய ஈயைத் தூண்டில் நரம்பில் தொங்கவிட்டுத் தண்ணீருக்குள் இறக்குங்கள். மெதுவாக மேலே இழுத்து நிறுத்துங்கள். இழுக்கும்போது குடை மடங்கும், நிறுத்தினால் குடை திறக்கும். மேஜை மேல் கிடந்தபோது பிய்ந்த பொத்தான் நூல் மாதிரி இருந்தது டம்ளருக்குள் வேறு ஆளாகிவிடும். அண்ணன் மகள் முதல்முறை பார்த்துவிட்டு, "சித்தப்பா, அது மூச்சு விடுது" என்றாள். எனக்கு இதைவிட நல்ல விளக்கம் இன்னும் கிடைக்கவில்லை.

எந்த ஊர் வித்தை இது?

இங்கிலாந்தின் வடக்கே யார்க்ஷயர், அதற்கும் மேலே ஸ்காட்லாந்து எல்லை. வேகமாக ஓடுகிற கல்லாறுகள் உள்ள பகுதி. அங்கே இந்த ஈக்கு ஸ்பைடர், அதாவது சிலந்தி என்று பெயர். 1857இல் ஸ்டூவர்ட் என்ற ஸ்காட்லாந்துக்காரர் இதைப் பற்றி விரிவாக எழுதினார். 1885இல் பிரிட் என்பவர் யார்க்ஷயர் ஈக்களைப் பட்டியல் போட்டு வைத்தார். சாஃப்ட் ஹேக்கிள் என்ற பெயர் பரவலானது 1975இல் சில்வெஸ்டர் நீம்ஸ் என்ற அமெரிக்கர் எழுதிய புத்தகத்துக்குப் பிறகு.

எனக்குப் பிடித்தது அவர்கள் பெயர் வைக்கிற விதம். முதலில் பறவையின் பெயர், அப்புறம் பட்டு நூலின் நிறம். 'பார்ட்ரிட்ஜ் அண்டு ஆரஞ்ச்', 'ஸ்னைப் அண்டு பர்ப்பிள்'. நம்ம கணக்கில் கவுதாரி ஆரஞ்சு, உள்ளான் ஊதா. பெயரைச் சொன்னாலே செய்முறை முடிந்தது. இறகு ஒன்று, நூல் ஒன்று, முள் ஒன்று. வேறு சாமான் பெரும்பாலும் கிடையாது.

அப்போ கவுதாரி, உள்ளான் இறகு எங்கே கிடைக்கும்? ஊரில் மாமா பிடித்துத் தருவார்.

மாமாவைச் சும்மா இருக்கச் சொல்லுங்கள். கவுதாரி, உள்ளான், தாழைக்கோழி என்று அந்தப் பழைய பட்டியலில் வரும் பறவைகளுக்கு இங்கே இருக்கிற உறவுக்காரப் பறவைகள் எல்லாமே 1972ஆம் வருடத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வருகிறவை. பிடிப்பதும் குற்றம், வாங்குவதும் குற்றம். மீஞ்சூர் பக்கம் வயலில் விழுந்து கிடந்தது, பழவேற்காட்டில் கண்டெடுத்தது என்ற கதையெல்லாம் வேண்டாம். காட்டுப் பறவை என்றால் கீழே கிடக்கும் இறகையும் நான் எடுப்பதில்லை.

இந்தப் பொழுதுபோக்குக்கு இறகு விஷயத்தில் நல்ல பெயர் இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். நம் மேற்குத்தொடர்ச்சி மலையில் இருக்கிற சாம்பல் காட்டுக்கோழிச் சேவலின் கழுத்தில், மெழுகுத் துளி வைத்த மாதிரிப் புள்ளிகள் இருக்கும். வெள்ளைக்காரர்கள் அந்தப் புள்ளிக்காகவே அந்தக் கோழியின் கழுத்துத் தோலை ஆண்டாண்டுக்காலம் இறக்குமதி செய்தார்கள். 1968இல்தான் இந்தியா அந்த ஏற்றுமதிக்குத் தடை போட்டது. 2009இல் இங்கிலாந்தின் டிரிங் ஊரில், இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்திலிருந்து 299 பறவைத் தோல்கள் திருடுபோயின. திருடியது ஈ கட்டுகிற ஒரு மாணவர். சால்மன் மீனுக்கென்று கட்டுகிற அலங்காரமான ஈக்களுக்கு அரிய பறவைகளின் இறகு தேவைப்பட்டதாம். இத்தனைக்கும் மீன் ஒருபோதும் இறகின் விலையைக் கேட்பதில்லை.

பண்ணையில் வளர்த்த பார்ட்ரிட்ஜ் இறகை வெளிநாட்டிலிருந்து வரவழைக்கலாமே?

இறகு கால்நடைப் பொருள் இறக்குமதி விதிகளுக்குள் வரும், தாள் வேலை உண்டு. தெரியாமல் ஆர்டர் போட்ட என் பார்சல் ஒன்று பாதி வழியில் நின்று, பணமும் போய், இறகும் வராமல் முடிந்தது. அந்தக் கோபத்தில்தான் தெருமுனைக் கோழிக்கடைக்குப் போனேன்.

சரி, கோழிக்கடையில் என்ன கேட்பது?

நாட்டுக்கோழிப் பெட்டை. பழுப்பும் கறுப்புமாகப் புள்ளியோ வரியோ உள்ளது கிடைத்தால் நல்லது. முதுகுக்கு மேலே, கழுத்தைச் சுற்றி இருக்கும் சின்ன இறகுகள்தான் தங்கம்.

ஒரு விஷயம் முக்கியம். வெந்நீரில் முக்கி டிரம்மில் போட்டுச் சுற்றிய கோழியின் இறகு எதற்கும் உதவாது. சேறும் ரத்தமுமாகக் கட்டியாகிவிடும். இறகு பிடுங்கி மஞ்சள் தடவி வாட்டிய கோழியும் வேண்டாம். தோலை உரித்துத் தரச் சொல்ல வேண்டும். இறகோடு சட்டை கழற்றுகிற மாதிரித் தோல் முழுசாக வரும். அதில் கழுத்தும் முதுகும் சேர்ந்த துண்டை மட்டும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். கறி உங்களுடையது என்றால் அவர் காசு கேட்க மாட்டார்.

நான் முதலில் கேட்ட அன்று நடந்தது இது.

"பாய், அந்தக் கழுத்துத் தோல தனியா ஒரு கவர்ல போட்டுக் குடுங்க."

"இன்னாத்துக்கு தம்பி, நாய்க்கா?"

"மீன் புடிக்க பாய்."

"கெளுத்திக்கா? கொடல் எடுத்துனு போ. தோலு எதுக்கு?"

"தோல் இல்ல பாய், அதுல இருக்கற ரக்கை."

பாய் கத்தியைக் கட்டை மேல் வைத்துவிட்டு என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை பாக்கெட்டில் இருந்த ஈயை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார். "கொசு மாதிரி கீது" என்றார். அன்றிலிருந்து நல்ல புள்ளிக்கோழி வந்தால் தோலை எடுத்து ஓரமாக வைத்துவிடுவார்.

சேவல் இறகு பளபளவென்று அழகாக இருக்கிறதே, அது ஏன் கூடாது?

அழகுதான் பிரச்சினை. சேவலின் கழுத்து இறகு நீளமாக, கூர்மையாக, விறைப்பாக இருக்கும். இறகின் ஒவ்வொரு இழையிலும் இன்னும் நுண்ணிய கிளையிழைகள் உண்டு. அவைதான் பக்கத்து இழையைப் பிடித்துக்கொண்டு இறகை ஓர் ஏடாக வைத்திருக்கின்றன, தண்ணீரையும் உறிஞ்சுகின்றன. பெட்டையில் இவை நிறைய. சேவலின் கழுத்து இறகில் குறைவு, அதனால் இழை தனித்தனியாக, கம்பி மாதிரி நிற்கும். ஊதிப் பார்த்தாலே தெரிந்துவிடும். பெட்டை இறகு அசைந்து கொடுக்கும், சேவல் இறகு கண்டுகொள்ளாது.

பிராய்லர்?

ஐந்தாறு வாரத்தில் கறிக்குப் போகிற குஞ்சு அது. இறகு முழுசாக முற்றியிருக்காது, தண்டில் இன்னும் ஈரமும் ரத்தமும் இருக்கும். பழகுவதற்கு வேண்டுமானால் எடுங்கள். அதைவிட, முட்டை போட்டு ஓய்ந்து கறிக்கு வருகிற வெள்ளை லேயர் கோழி கிடைத்தால் சாயம் போட அருமையானது.

காடை?

என் இரண்டாவது பிடித்தம் இதுதான். நான் சொல்வது பண்ணைக் காடை, அதாவது ஜப்பானியக் காடை. காட்டில் பிடித்த காடை இல்லை. மாதவரத்தில் தலைமையகம் வைத்திருக்கிற நம் கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகம் 'நந்தனம் காடை' என்று தனி ரகமே உருவாக்கியிருக்கிறது. அந்த மாதிரி வளர்ப்புப் பறவையில் சட்டச் சிக்கல் இல்லை. மார்பிலும் முதுகிலும் வெளிறிய தண்டுக்கோடும் பழுப்பு வரியுமாக இருக்கும் இறகு, யார்க்ஷயர்க்காரர்களின் பார்ட்ரிட்ஜுக்குக் கிட்டத்தட்டத் தங்கச்சி முறை. குறை ஒன்றுதான். இறகு குட்டியானது, தண்டு பொசுக்கென்று ஒடியும். 14, 16 நம்பர் மாதிரிச் சின்ன முள்ளுக்குச் சரியாக இருக்கும்.

புறா? எங்கள் தெருவில் மாடிக்கு மாடி புறாக்கூண்டு.

வடசென்னையில் இந்தக் கேள்வி வராமல் இருக்குமா! பந்தயப் புறா வளர்க்கிறவர்கள் கூண்டைப் பெருக்கும்போது உதிர்ந்த இறகு வாரி வாரி வரும். அதைக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம், வளர்ப்புப் பறவைதானே. ஆனால் பெரிய சிறகு இறகு ஆகாது. சிறகின் மேல் ஓடு வேய்ந்த மாதிரி அடுக்கியிருக்குமே குட்டி இறகு, அந்தச் சாம்பல் நீலம் மட்டும் எடுங்கள். பழைய பட்டியலில் தாழைக்கோழி இறகு கேட்கிற ஈக்களுக்கு இந்த நிறம் ஓரளவு கைகொடுக்கும். தண்டு கொஞ்சம் தடிமன், அதனால் ஒரு சுற்றுக்கு மேல் வேண்டாம்.

புறாக்காரரிடம் பேசும்போது ஜாக்கிரதை. "எந்தப் புறா நல்ல இறகு?" என்று நான் விளையாட்டாகக் கேட்டதற்கு ஒரு புறாக்கார அண்ணன் மூன்று நாள் பேசவில்லை. பந்தயத்துக்குப் போகிற பிள்ளையின் இறகைக் கேட்டுவிட்டேனாம்.

மயிலிறகு?

தானாக உதிர்ந்த தோகை இறகை உள்நாட்டில் வைத்துக்கொள்ளவும் விற்கவும் சட்டம் இடம் கொடுக்கிறது. வெளிநாட்டுக்கு அனுப்பத்தான் தடை. இது ஹேக்கிளுக்கு ஆகாது. தோகையின் ஓர இழை இரண்டை எடுத்து, ஹேக்கிளுக்குப் பின்னால் மூன்று சுற்று சுற்றினால் பூச்சியின் நெஞ்சு மாதிரிப் பச்சையாக மினுங்கும். கண்ணுள்ள பகுதியைப் பிய்த்து வீணாக்க வேண்டாம், கீழ்ப்பக்கத்து இழையே போதும்.

வாங்கி வந்த தோலை வீட்டில் என்ன செய்வது? நாறாதா?

அன்றைக்கே வேலை செய்தால் நாறாது. மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்று வைத்தால் மொத்த வீடும் பேசும்.

கையுறை போட்டுக்கொள்ளுங்கள். நோயில் செத்த கோழியின் இறகை எடுக்கவே கூடாது. பறவைக் காய்ச்சல் செய்தி ஓடுகிற சமயமாக இருந்தால் கடைப்பக்கமே போக வேண்டாம். தோலின் உள்பக்கத்துக் கொழுப்பை ஸ்பூனால் வழித்து எடுங்கள். வெதுவெதுப்பான தண்ணீரில் கொஞ்சம் ஷாம்பு விட்டு, ரத்தம் போகிற வரை அலசுங்கள். துண்டில் ஒற்றி எடுத்து, அட்டையில் இறகுப் பக்கம் கீழே இருக்கிற மாதிரிப் பரப்பி, ஓரத்தில் குண்டூசி குத்தி, உள்தோல் மேல் உப்பும் வெங்காரமும் கலந்து தூவுங்கள். வெங்காரம் நாட்டுமருந்துக் கடையில் கேட்டால் எடுத்துக் கொடுப்பார்கள். நிழலில், காற்று படும் இடத்தில் ஒன்றிரண்டு வாரம். தோல் அப்பளம் மாதிரி விறைத்துவிட்டால் தயார். நவம்பர் மழையில் இந்த வேலையை ஆரம்பிக்காதீர்கள், காயவே காயாது.

காய்ந்த பிறகு ஜிப் கவரில் போட்டு ஒரு வாரம் ஃப்ரீசரில் வையுங்கள். செள்ளு, அந்துப் பூச்சி எல்லாம் போகும். இரண்டு நாள் வெளியே வைத்து மறுபடி ஒரு வாரம் வைத்தால், தப்பித்த முட்டை பொரிந்து வந்திருந்தாலும் முடிந்தது. ஃப்ரீசரில் இடம் பிடிக்கிற சண்டைக்கு நான் பொறுப்பில்லை. கவர் மேல் 'கோழி இறகு' என்று பெரிதாக எழுதிவிடுங்கள், யாராவது குழம்புக்கு எடுத்துவிடப் போகிறார்கள்.

இறகு கசங்கி மடங்கிவிட்டது. தூக்கிப் போட வேண்டியதுதானா?

இட்லி வேகும்போது மூடியின் ஓரத்திலிருந்து ஆவி வருமே, அதில் பத்து விநாடி காட்டுங்கள். மடிந்த இழை கண்ணெதிரே நிமிரும். அடுப்பங்கரையில் திட்டு வாங்காத நேரமாகப் பார்த்துச் செய்யவும்.

வீட்டில் சாயம் போட முடியுமா?

முடியும். இறகு பட்டு, கம்பளி மாதிரிப் புரதம். அதனால் புளிப்புள்ள வெந்நீரில் உணவு நிறமே ஏறிக்கொள்ளும். வெள்ளை இறகை முதலில் சோப்பு நீரில் அலசி, நன்றாக நனையவிடுங்கள். எண்ணெய்ப் பசை இருந்தால் திட்டுத்திட்டாகும். அரை லிட்டர் சூடான தண்ணீரில் இரண்டு மேஜைக்கரண்டி வினிகர், ஒரு சிட்டிகை கேசரி பவுடர். கொதிக்க விடாமல், கை வைக்க முடியாத சூட்டில் இருபது நிமிடம். ஆரஞ்சு பிரமாதமாக வரும். மஞ்சள்தூளும் ஏறும், ஆனால் வெயிலில் வெளுத்துவிடும். கட்டங்காப்பி நிறத்துக்குத் தேயிலைத் தண்ணீரில் ஒரு ராத்திரி ஊறவையுங்கள். இந்தத் தேயிலை நிறத்தை மீன்களும் ரசிக்கின்றன என்பது என் எண்ணம்.

என்ன கருவிகள் வேண்டும்?

வெளிநாட்டுப் பெட்டியைப் பார்த்துப் பயப்படாதீர்கள். பாரிமுனை ஹார்டுவேர் கடைகளில் கிடைக்கிற சின்ன மேஜை வைஸ், வாய்க்கு நடுவில் முள் நகராமல் பிடித்தால் போதும். முனை கூரான எம்பிராய்டரி கத்தரிக்கோல். ஹேக்கிளைப் பிடித்துச் சுற்ற எலெக்ட்ரானிக்ஸ் கடையில் விற்கும் முதலைக் கிளிப், பல் மேல் டியூப் மாட்டி. முடிச்சுப் போட மை தீர்ந்த ரீஃபில் குழாய். தலையில் பூச நிறமில்லாத நகப்பாலிஷ்.

நூல்தான் யோசித்து வாங்க வேண்டியது. ரத்தன் பஜாரிலும் சௌகார்பேட்டையிலும் வளையல் சுற்றுவதற்கென்று 'பட்டு நூல்' விற்கிறார்கள். அதில் நிறைய ரேயான். ஒரு துண்டைக் கொளுத்திப் பாருங்கள், முடி கருகிய வாடை வந்தால் பட்டு, காகிதம் எரிகிற வாடை என்றால் ரேயான். ரேயானிலும் கட்டலாம், மீன் வரும். ஆனால் பட்டு நனைந்ததும் கொஞ்சம் கறுத்து, ஒளி உள்ளே போகிற மாதிரி ஆகும். தேன்மெழுகு தடவிய ஆரஞ்சுப் பட்டு தண்ணீரில் செம்பழுப்பாக மாறுவதைப் பார்த்தால், அந்தக் காலத்தில் ஏன் பட்டையே பிடித்துக்கொண்டிருந்தார்கள் என்று தெரியும். நூல் தடிமனாக இருந்தால் புரியைப் பிரித்து மெல்லிய இழையாக எடுத்துக்கொள்ளுங்கள்.

முள் எந்த நம்பர்?

நம்பர் கூடக் கூட முள் சிறுக்கும், இதை முதலில் மனதில் வையுங்கள். பழக 10, அப்புறம் 12, 14. காது, அதாவது நரம்பைக் கோர்க்கும் வளையம், உள்ள முள்ளாகக் கேளுங்கள். சில கடைகளில் காதுக்குப் பதிலாக நுனி தட்டையாக இருக்கும். அதிலும் கட்டலாம், ஆனால் புதிதாகக் கட்டுகிறவருக்குத் தலைவலி.

எப்படிக் கட்டுவது? ஒரே ஒரு ஈயை முழுசாகச் சொல்லுங்கள்.

நாட்டுப்பெட்டையும் ஆரஞ்சுப் பட்டும். முள்ளை வைஸில் மாட்டுங்கள், கூர்முனை கீழே, தண்டு படுக்கையாக. காதுக்குப் பின்னால் ஒரு மில்லிமீட்டர் சும்மா விட்டுவிட்டு நூலைத் தொடங்குங்கள். இந்த இடைவெளியை விடாததால்தான் முதல் பத்து ஈக்கள் கெட்டுப்போகும். நூலின் மேல் நூல் ஏறாமல், சுற்றோடு சுற்று உரசுகிற மாதிரிப் பின்னால் போங்கள். முள்முனைக்கு நேர் மேலே வந்ததும் திரும்பி அதே மாதிரி முன்னால் வாருங்கள். உடம்பு முடிந்தது. வாலும் இல்லை, இறக்கையும் இல்லை. ஒல்லியாகத் தெரிகிறதே என்று கை பரபரக்கும், அடக்குங்கள்.

இப்போது இறகு. தோலிலிருந்து ஒன்றைப் பிடுங்கி முள்ளோடு வைத்துப் பாருங்கள். இழை முள்ளின் வளைவு வரை எட்டினால் அளவு சரி. அடியில் இருக்கும் பஞ்சு மாதிரித் தூவியை உருவி எறியுங்கள். நுனியை ஒரு கையில் பிடித்துக்கொண்டு மற்ற இழைகளை எதிர்ப்பக்கமாக நீவிவிட்டால், நுனியில் ஒரு சின்ன முக்கோணம் தனியாக நிற்கும். அந்த முக்கோணத்தைக் காதுக்குப் பின்னால் வைத்து நாலு சுற்று நூல். இறகின் பளபளப்புப் பக்கம் முன்னால் பார்க்க வேண்டும், மங்கலான குழிந்த பக்கம் பின்னால். அப்போதுதான் இழைகள் பின்பக்கம் சாயும். மாற்றி வைத்தால் காற்றில் திரும்பிய குடை மாதிரி ஆகிவிடும்.

தண்டைக் கிளிப்பில் பிடியுங்கள். ஒரு சுற்று. இடது கை விரலால் இழைகளைப் பின்னுக்கு நீவுங்கள், எச்சில் தொட்டுக்கொண்டால் படியும் (வெளியில் யாருக்கும் சொல்ல வேண்டாம்). இன்னும் ஒரு சுற்று. நிறுத்துங்கள். நூலால் தண்டை மூன்று தடவை இறுக்கி, மிச்சத்தை வெட்டுங்கள். ரீஃபில் குழாயின் மேல் நூலை ஒரு கண்ணியாகப் போட்டு, குழாயைக் காதோடு ஒட்டி, கண்ணியைத் தள்ளி இறுக்குங்கள். இப்படி மூன்று முடிச்சு. ஒரு சொட்டு நகப்பாலிஷ், காதின் ஓட்டை அடைபடாமல். முதல் ஈக்கு முக்கால் மணி நேரம் ஆகும். இருபதாவது ஈக்கு ஐந்து நிமிடம்.

நான் கட்டியது பாட்டில் கழுவும் பிரஷ் மாதிரி இருக்கிறது. ஏன்?

சுற்று அதிகம். எல்லோரும் செய்வது இது, நானும் ஒரு வருடம் முழுக்கச் செய்தேன். இறகு மிச்சம் இருக்கிறதே என்று நாலு, ஐந்து சுற்று போடுவோம். பார்க்கப் புசுபுசுவென்று இருக்கும். தண்ணீரில் போட்டால் இழைக்கு இழை முட்டுக்கொடுத்து நிற்கும், மடங்காது, திறக்காது. நாலு சுற்று போட்ட ஈயையும் ஒன்றரைச் சுற்று போட்டதையும் அதே டம்ளரில் அடுத்தடுத்து விட்டுப் பார்த்த பிறகுதான் எனக்குப் புத்தி வந்தது. இன்னும் தயக்கமாக இருந்தால் இறகின் ஒரு பக்கத்து இழைகளை முழுசாக உருவிவிட்டு, மறுபக்கத்தை மட்டும் இரண்டு சுற்று சுற்றுங்கள். எண்ணினால் இருபது இழைகூட இருக்காது. அதுதான் சரியான ஈ.

இங்கே எந்த மீன் இதைக் கடிக்கும்?

ஜிலேபி, அதாவது திலாப்பியா மீன். தயக்கமில்லாமல் ஜிலேபி. சின்னக் கெண்டை வகைகளும் கொத்தும், பழவேற்காட்டு மாதிரி உப்புங்கழிகளில் மொரான் கெண்டை வந்தால் அன்றைக்குத் திருவிழா. கொடுவாவுக்கு இது பல்லிடுக்கில் போகிற சைஸ், வேறு பெரிய ஈ வேண்டும்.

நிறத்துக்கு ஒரு குறிப்பு. கொளத்தூர் கலர் மீன் கடைகளில் மீன் தீனியாக ரத்தப்புழு விற்பார்கள், பார்த்திருப்பீர்கள். நம் குளத்துச் சேற்றில் இருக்கிறதும் அந்த வகைதான். சிவப்புப் பட்டில் உடம்பு சுற்றி, கறுத்த பெட்டை இறகை ஒரே ஒரு சுற்று போட்டால் மீனுக்கு அடையாளம் தெரிந்துவிடுகிறது. செங்குன்றம் தாண்டி நண்பர் ஒருவரின் பண்ணைக் குட்டையில் என் முதல் ஜிலேபி இதில்தான் வந்தது. உள்ளங்கை அளவு. ஊரைக் கூட்டிவிட்டேன்.

புழல் குடிநீர் ஏரி, அங்கே இறங்க வேண்டாம். மற்ற ஏரி குளங்களில் மீன் குத்தகை இருக்கும், கேட்டுவிட்டுப் போடுங்கள். எண்ணூர் கழிமுகத்தில் தூண்டில் போட ஆசை வரும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து அலையாத்திச் செடியெல்லாம் கறுத்து நின்றதைப் பார்த்த பிறகு, அங்கே பிடிப்பதை நான் வீட்டுக்குக் கொண்டுவருவதில்லை. நகரத்துக் கால்வாய் மீனும் அப்படியே.

ஃப்ளை ராடு, ரீல் எல்லாம் விலை அதிகமாமே?

இல்லாமலே முடியும். ஈக்கு எடை கிடையாது, அதனால் வெறும் ஸ்பின்னிங் ராடில் (ரீல் மாட்டிய சாதாரணத் தூண்டில் கோல்) வீச வராது. தக்கையைக் கட்டி, அதற்குப் பின்னால் மூன்றடி மெல்லிய தங்கூஸ் நரம்பு விட்டு ஈயைக் கட்டினால் தக்கையின் எடை இழுத்துக்கொண்டு போகும். இன்னும் சுலபம் மூங்கில் குச்சி. ஜப்பானில் தென்காரா என்று ஒரு முறை இருக்கிறது, ரீலே இல்லாமல் நீளக் குச்சியின் நுனியில் நேரே நரம்பைக் கட்டி, இதே மாதிரி மெல்லிய இறகு ஈயைப் போடுவார்கள். நம் பையன்கள் குட்டையோரம் உட்கார்ந்திருக்கும் அதே கோலம்தான். ஈயைப் போட்டுவிட்டுச் சும்மா இருக்கக் கூடாது என்பது ஒன்றுதான் வித்தியாசம். இரண்டு விரற்கடை இழு, நிறுத்து, மறுபடி இழு. பெரும்பாலும் நிறுத்தும்போதுதான் கடிக்கும்.

டிரவுட் மீன்தான் இதற்கு அசல் ஆளாமே? தமிழ்நாட்டில் உண்டா?

நீலகிரியில் உண்டு. 1863இல் பிரான்சிஸ் டே என்ற மீன் ஆய்வாளர் கொண்டுவரப் பார்த்து முடியவில்லை. அப்புறம் வில்சன் என்பவர் காலத்தில், 1907இல், அவலாஞ்சியில் பொரிப்பகம் அமைந்து வானவில் டிரவுட் நிலைத்தது. மலை ஓடை, குளிர்ந்த ஓட்டம், யார்க்ஷயர்க்காரன் கண்ணை மூடிக்கொண்டு வீசுகிற இடம். மீன்வளத் துறையிடமும் வனத்துறையிடமும் அனுமதி விவரம் கேட்காமல் ரயில் ஏறாதீர்கள்.

வீட்டில் பூனை இருக்கிறது, பரவாயில்லையா?

பரவாயில்லை என்றுதான் நானும் நினைத்தேன். மொட்டை மாடியில் அட்டையில் குத்திக் காயவைத்த புள்ளிக்கோழித் தோலைப் பக்கத்து வீட்டுப் பூனை அட்டையோடு இழுத்துக்கொண்டு போனது, குண்டூசி மட்டும் எனக்கு மிச்சம். இப்போது மேலே கொசுவலை போட்ட பழக்கூடையைக் கவிழ்த்து, அதன் மேல் அம்மிக்குழவியை வைக்கிறேன். கட்டி முடித்த ஈ இன்னும் ஆபத்து, இறகு வாசனைக்கு வாயில் போட்டுவிடும். ஈக்களை ஸ்பாஞ்ச் ஒட்டிய மூடி போட்ட டப்பாவில் குத்தி வையுங்கள். மேஜையை விட்டு எழுந்தால், வைஸில் இருக்கிற பாதி ஈயையும் கழற்றி உள்ளே போட்டுவிட்டு எழுந்திருங்கள்.